இலவச மருந்துக்குப் பாதி விலை

2024 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்து மணிக்கு மின்சாரம் வந்தது. எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. ஆகையால் முதலில் தண்ணீர் மோட்டார், அடுத்து அரிசிக் குக்கர், கடைசியில் இஸ்திரிப் பெட்டி என்று என் வழக்கமான வரிசையில் மூன்றையும் முடித்தேன். வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு என் பக்கத்து வீட்டுக்காரரே சாட்சி. மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு குளிக்காமல் வேலைக்குப் போகிறவர் அவர். இன்சீன் நிலையத்தில் வட்ட ரயில் ஏறி, தாமுவேயில் இறங்கி, மீன் குழம்பு ஊற்றிய சேமியாவான மொஹிங்கா ஒரு கிண்ணமும் ஒரு சாயாவும் முடித்து, எங்கள் இலவச ஞாயிறு மருத்துவமனையின் ஷட்டரைத் தூக்கினேன். பெஞ்சுகளைத் துடைத்தேன். டோக்கன் அட்டைகளை எண் வரிசையில் அடுக்கினேன். அன்றைக்கு ஒழுங்காக நடந்தது அவ்வளவுதான். அடுத்த நிமிடம் அட்டென்ஷன் வந்துவிட்டார்.

யாங்கோனில் எதற்காவது விலை அதிகம் என்று சண்டை போடாத மனிதர் கிடையாது. ஆனால் இலவசமாகக் கொடுப்பதைப் பாதி விலைக்குக் கொடு என்று சண்டை போட்டவர், இந்த ஊரிலும் சரி, ஐராவதி பாயும் மற்ற எல்லா ஊர்களிலும் சரி, அவர் ஒருவர்தான்.

அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் வாசலில் நின்று "அட்டென்ஷன்!" என்று ஒரு குரல் கொடுப்பார். சாயாக் கடை, முடிவெட்டும் கடை, கல்யாண வீடு, துக்க வீடு எதுவும் விலக்கில்லை. அதுவே பெயராகிவிட்டது. எங்கள் கோயில் அர்ச்சகர்கூட "அட்டென்ஷன், ரோகிணி நட்சத்திரம்" என்றுதான் அர்ச்சனை செய்வார். சாமியும் அந்தப் பெயருக்குப் பழகியிருக்க வேண்டும்.

வயது எழுபதை ஒட்டி இருக்கும். இடுப்பில் லுங்கி போலக் கட்டும், மடிப்பு மாறாத பர்மிய லோன்ஜி, மேலே கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை, காலில் பளபளக்கும் கறுப்பு பூட்ஸ். லோன்ஜிக்கு பூட்ஸ் போட்டவரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. மின்சாரம் போய்த் திரும்பி வந்தால், இருந்த இடத்தில் எழுந்து விறைப்பாக நிற்பார். ஏன் என்று கேட்டேன்.

"பெரிய அதிகாரி வந்துருக்காரு, செக்ரட்டரி. எப்ப கெளம்புவாருன்னு தெரியாது. இருக்கறப்பவே மரியாதையக் குடுத்துரணும்."

நான் வார நாட்களில் ஒரு இரும்புச் சாமான் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிறுகளில் இந்த மருத்துவமனைக்குச் செயலாளர். பர்மாவில் மரியாதைக்குப் பெயருக்கு முன்னால் மா, டோ, ஊ என்று ஒட்டுவார்கள்; எல்லோருக்கும் நான் மா கமலா. அவருக்கு மட்டும் செக்ரட்டரி.

இளம் வயதில் அவர் பட்டாளத்தில் இருந்தது உண்மை. ஆனால் துப்பாக்கியைத் துடைத்திருக்கிறாரே தவிர, சுட்டதில்லை. ஷான் மலைப் பாதைகளில் அரிசி மூட்டை சுமக்கும் கோவேறு கழுதைகளை ஓட்டிச் செல்வதுதான் அவருக்கு வேலை. அந்தக் கழுதைகளில் மூத்தது ஒன்று. அதற்குப் பெயர் போஜீ, அதாவது பெரிய அதிகாரி. அது விட்ட ஓர் உதையில்தான் அவருடைய இடது இடுப்பு போயிற்று, கூடவே பட்டாள வேலையும் போயிற்று.

"ஒதைச்சதுல அதும்மேல தப்பில்ல செக்ரட்டரி. சர்வீஸ்ல அது எனக்கு சீனியர். நான் பின்பக்கமாப் போயி சல்யூட் அடிச்சேன். சீனியருக்கு முன்பக்கமாத்தான் அடிக்கணும்."

உதை ஒரு நொடிதான். வலி நாற்பது வருடங்களாக இருந்தது. இடுப்பில் தொடங்கி கட்டை விரல்வரை சுரீர் சுரீர் என்று இழுக்கும் நரம்பு வலி. "ஊருக்குக் கரண்ட் இல்லாத நேரத்துலயெல்லாம் என் கால்ல வருது" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் சொல்லும்போது பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருக்கும் கை வெளுத்துப்போயிருக்கும்.

அவருக்கு ஒரு கொள்கை உண்டு. இலவசம் என்றால் பிச்சை, சலுகை என்றால் மரியாதை. பர்மியர்கள் இலவசத்துக்கு அலகா என்பார்கள். எங்கள் தமிழிலும் அந்தச் சொல் எப்போதோ வந்து உட்கார்ந்துவிட்டது. அவர் மட்டும் அதை வாயால் சொல்ல மாட்டார். திங்ஜான் தண்ணீர்த் திருவிழாவில் தெருவுக்குத் தெரு பந்தல் போட்டு எல்லோருக்கும் சாப்பாடு கொடுப்பார்கள். இவரும் சாப்பிடுவார். சாப்பிட்டு முடித்ததும் பந்தல் வாசலில் நின்று கூட்டத்தை வரிசைப்படுத்துவார். மற்றவர்கள் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். இவர் சம்பளத்துக்கு வேலை பார்த்தவரைப் போல உடம்பை நிமிர்த்திக்கொண்டு போவார்.

ஆனால் சலுகை என்றால் விட மாட்டார். எந்தக் கடையிலும் முதல் கேள்வி, "பட்டாளத்தானுக்கு எவ்வளவு குறைப்பே?" என்பதுதான். முடிவெட்டும் கடைக்காரர், தலையில் இருப்பதே பாதி முடி என்று பாதிக் காசு வாங்கிக்கொள்வார். சாயாக் கடைக்காரர் இன்னும் கெட்டிக்காரர். இவர் வந்ததும் விலையைக் கொஞ்சம் ஏற்றிச் சொல்லி, பிறகு ஏற்றியதைக் குறைத்து விடுவார். இவர் எல்லோரையும் விட அதிகமும் கொடுக்காமல், குறைவும் கொடுக்காமல், எல்லோரையும் விட சந்தோஷமாகச் சாயா குடிப்பார்.

நான் சொன்ன அந்த ஞாயிற்றுக்கு முந்தைய வாரம், அவருடைய மனைவி டோ மியா என்னைத் தேடி ரயில் நிலையத்துக்கே வந்திருந்தார். பர்மியப் பெண்மணி. மாமியார் மாமனாரோடு இருந்து பழகிய தமிழ், எங்கள் தமிழை விடச் சுத்தம்.

"கமலா, இந்த மனுசன் தூங்கி எத்தன நாளாச்சுன்னு எனக்கே தெரியல. மாத்திரை வெலை ஏற ஏற, மாத்திரையச் சின்னதா வெட்டறாரு. மொதல்ல பாதி. அப்பறம் கால். இப்ப பிளேடால சீவி நாக்குல வச்சுக்கறாரு. கேட்டா ரேஷன்கறாரு."

"அதே மாத்திரை எங்ககிட்ட இருக்கே அக்கா. தானமா வந்துருக்கு. எல்லாருக்கும் சும்மாதானே குடுக்கறோம்."

"அதான் வர மாட்டேங்கறாரு. சும்மா குடுக்கற எடத்துக்குப் பட்டாளத்தான் போக மாட்டானாம். நீ ஏதாவது பண்ணு கமலா. வலியில அவரு கத்தினாக்கூட எனக்குப் பரவால்ல. சத்தமே போடாம ஒக்காந்திருக்காரு. அந்த மனுசன் சத்தம் போடாம ஒக்காந்து நான் பாத்ததே இல்ல."

எனக்கு ஒரு வழியும் தோன்றவில்லை. வழியை அவரே கொண்டுவந்தார். அதுதான் நவம்பர் 17.

"அட்டென்ஷன்!"

பெஞ்சில் இருந்த நோயாளிகள் எல்லோரும் பழக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நேராக டாக்டர் தீரியின் மேசைக்குப் போனார். டாக்டர் தீரி சின்னப் பெண். அப்பா தமிழர், அம்மா பர்மியர். தமிழ் நன்றாகப் புரியும், பேசும்போது ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுப்பாள். அவளுக்கு முன்னால் அட்டென்ஷன் தன் போனை வைத்தார். பேங்காக்கில் வேலை பார்க்கும் அவருடைய மருமகன் அனுப்பிய வீடியோ. ஏதோ ஒரு வெளிநாட்டில் வயதான பட்டாளத்துக்காரர்கள் கடை முன்னால் வரிசையில் நிற்கிறார்கள்.

"பாரும்மா. இவங்க எல்லாம் என்னை மாதிரி பழைய பட்டாளம். வலிக்கு மருந்து வாங்க நிக்கறாங்க. மத்தவனுக்கு ஒரு வெல. பட்டாளத்தானுக்குக் கொறச்ச வெல. கவர்மென்டே பேசி கொறச்சிருக்காம்."

"நல்லது அபா" என்றாள் டாக்டர். பெரியவர்களை அப்படித்தான் அழைப்பாள். "என்ன மருந்து அது?"

"கஞ்சா!"

முகவாய்க்கட்டையைத் தூக்கி, வாசல்வரை கேட்கும்படி சொன்னார். இருமிக்கொண்டிருந்தவர் இருமலை நிறுத்தினார். எங்கள் தலைவர் ஊ பெருமாள், பெயின்ட் கடை முதலாளி, உடம்பு பெருத்தவர், அவர் அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. ஓடிப்போய்த் தெருப்பக்கத்து ஜன்னல்கள் இரண்டையும் சாத்தினார்.

"அண்ணே! மெதுவாச் சொல்லுங்கண்ணே! தெருவுல போறவன் காதுல விழுந்தா நம்ம எல்லாரையும் கூண்டோட தூக்கிருவான்!"

"மெதுவாச் சொன்னாத்தான் பெருமாளு குத்தம். சத்தமாச் சொன்னா மனு."

டாக்டர் தீரி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். "அபா, அந்த நாட்டுல அது மருந்து. டாக்டர் எழுதிக் குடுக்கணும். நம்ம நாட்டுல அதுக்குக் கெடைக்கறது ஜெயில். பல வருஷம்."

"பட்டாளத்தானுக்கு?"

"அதுல மட்டும் சலுகை இல்ல அபா. எல்லாருக்கும் முழுசா குடுப்பாங்க."

அவர் போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "எனக்குக் கஞ்சா வேண்டாம்மா. அது என்ன நெறம்னுகூட எனக்குத் தெரியாது. எனக்கு அந்தச் சலுகை வேணும். உன்கிட்ட நரம்பு வலி மாத்திரை இருக்காம். என் வீட்டுக்காரி சொன்னா. அதுல பட்டாளத்தானுக்கு எவ்வளவு குறைப்பே?"

"அபா, அது அலகாதானே…"

"அந்த வார்த்தை வேண்டாம்!" என்றார். குரல் உடைந்திருந்தது. "பாதி வெலைக்குக் குடு. இல்ல, வேண்டாம்."

திரும்பும்போது இடது கால் மடங்கிவிட்டது. மேசையைப் பிடித்து நின்றார். பிடிக்கப் போன டாக்டரின் கையை விலக்கிவிட்டு, லெஃப்ட் ரைட் போட்டுக்கொண்டே வெளியே போனார். லெஃப்ட் தரையில் ஊன்றவே இல்லை.

அன்று மதியம் கமிட்டி கூடியது. ஐந்து பேர், ஐந்து சாயா, ஒரு தட்டு ஈச்சாக்குவே. சாயாவில் தோய்த்துத் தின்னும் அந்த நீள வடை இல்லாமல் எங்கள் கமிட்டி எந்த முடிவும் எடுத்ததில்லை.

"ஒண்ணுமில்லாததுல பாதி எவ்வளவு?" என்று ஊ பெருமாள் என்னைக் கேட்டார். நான்தானே கணக்கு எழுதுகிறவள்.

"ஒண்ணுமில்லைதான்."

"அப்ப அதைக் குடுத்துட்டதா அவருகிட்ட சொல்லிரலாமே?"

"அவரு ரசீது கேப்பாரு."

கொஞ்ச நேரம் ஈச்சாக்குவே மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஊ பெருமாளுக்கு ஞானம் பிறந்தது. "சாயாக் கடைக்காரன் செய்யறதைத்தான் நாமளும் செய்யணும். மொதல்ல மருந்துக்கு ஒரு வெலை வைப்போம். அப்பறம் பாதியைக் குறைப்போம். வாசல்ல பெரிய பலகையா மாட்டிருவோம். பெயின்ட் நம்ம கடையிலேருந்து வரும்."

"மத்த நோயாளிங்க?"

"அவங்ககிட்ட யாரு கேக்கப் போறா? கவுன்டர்ல வழக்கம்போல சும்மாக் குடுத்துரு. பலகை அவரு பாக்கறதுக்கு மட்டும்தான்."

வாசலில் மாட்டிய பலகை ஒருவர் கண்ணுக்கு மட்டும் தெரியாது என்பது, ஐந்து பேர் கொண்ட கமிட்டியில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஈச்சாக்குவே அத்தனை மொறுமொறுப்பாக இருந்தது.

அடுத்த ஞாயிறு பலகை ஏறியது. தமிழிலும் பர்மியிலும், நீலத்தில் வெள்ளை எழுத்து. மேலே மருந்துக் கட்டணம், கீழே முன்னாள் படைவீரர்களுக்குப் பாதி. அட்டென்ஷன் முதல் ஆளாக வந்தார். பலகையை இரண்டு மொழியிலும் படித்தார். எழுத்துக்கு சல்யூட் அடித்தார். டாக்டரிடம் முழுப் பரிசோதனை செய்துகொண்டார்.

"அபா, மாத்திரையக் கால்வாசி போட்டா வலி கால்வாசி போகும்னு நெனைச்சீங்களா? அது அப்பிடி இல்ல. முழுசாப் போடணும். தினமும் போடணும்."

"யெஸ், டாக்டர்!"

பாதி விலையைக் கொடுத்தார். நான் ரசீது கொடுத்தேன். மடித்து, சட்டைப் பையில் மாத்திரைப் பொட்டலத்தோடு வைத்துக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அப்புறம்தான் திரும்பிப் பார்த்தார்.

"என்ன செக்ரட்டரி, பெஞ்செல்லாம் காலியா இருக்கு? இன்னிக்கு யாருக்கும் நோவு இல்லியா?"

நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பதிலை வாசலில் நின்ற, சைக்கா என்ற மூன்று சக்கர மிதிவண்டி ஓட்டுகிறவர் சொன்னார். "வந்தாங்க ஐயா. பலகையப் படிச்சாங்க. திரும்பிப் போயிட்டாங்க. டாலாவுலேருந்து படகு ஏறி வருமே, சர்க்கரை வியாதிக்காரம்மா, அதுகூட ஸ்டேஷனுக்குப் போயிருச்சு."

அட்டென்ஷன் பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஊ பெருமாளைப் பார்த்தார். ஊ பெருமாள் கூரையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. வெளியே போனார். இனி இவர் இந்தப் பக்கம் வரமாட்டார், அந்தப் பொட்டலமும் குப்பைக்குத்தான் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் தாமுவே சந்தைப் பக்கமிருந்து ஒரு சத்தம். "லெஃப்ட்! ரைட்! லெஃப்ட்!" ஓடிப்போய்ப் பார்த்தேன். ரயில் நிலையத்தில் நின்றவர்களை எல்லாம் திரட்டி, இரண்டிரண்டு பேராக நிறுத்தி, நடத்திக் கூட்டி வருகிறார். இருமல்காரர்கள், மூட்டுவலிக்காரர்கள், இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, தோளில் குழந்தையோடு ஒரு தாய். கடைசியில் டாலாக்காரம்மா, தலையில் கூடையோடு. இருமல்காரர்கள்கூடத் தாளம் தவறாமல் இருமினார்கள். சாயாக் கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். வெற்றிலைக் கடைக்காரர் ஏதோ ஊர்வலம் என்று கடையைப் பாதி மூடிவிட்டார். முன்னால், ஒரு காலை இழுத்துக்கொண்டு, வியர்வையில் சட்டை நனைந்து, அவர். அவர் வாயிலிருந்து வந்த சொல்லைக் கேட்டு நான் நடு ரோட்டில் நின்றுவிட்டேன்.

"அலகா! எல்லாருக்கும் அலகா! பலகையப் பாக்காதே! நேராப் பாத்து நட! அலகா!"

எல்லோரையும் பெஞ்சில் உட்கார வைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து டாக்டரின் மேசைமேல் வைத்தார். ரசீதை அதன்மேல் வைத்தார்.

"எனக்காக இத்தன பேரு மருந்தில்லாமத் திரும்பிப் போயிருக்காங்க. இது சலுகை இல்ல, வேஷம். எனக்கு வேண்டாம்."

ஊ பெருமாள் கையைப் பிசைந்தார். "அண்ணே, உங்க நல்லதுக்குத்தான்…" அதற்கு மேல் வரவில்லை. அந்தப் பொட்டலம் மேசையில் இருந்தால், வீட்டில் மறுபடியும் பிளேடு.

டாக்டர் தீரி பேசினாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துத்தான் பேசினாள்.

"அபா, இங்கே வர்றவங்க யாரும் என்னைக் கேள்வி கேக்கறதில்ல. நான் லேட்டா வந்தாலும் கும்பிடறாங்க. மருந்து தீந்துபோச்சுன்னாலும் கும்பிடறாங்க. போன மாசம் ஒருத்தருக்கு மாத்திரை மாத்தி எழுதிட்டேன். அதுக்கும் கும்பிட்டாங்க. சும்மா வாங்கறோம், எப்பிடிக் கேக்கறதுன்னு பயம். காசு குடுக்கற ஆள் ஒருத்தர் இருந்தா, கேப்பாரு. திட்டுவாரு. எனக்கு அப்பிடி ஒரு ஆள் வேணும்."

அட்டென்ஷன் கண்ணை இடுக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"அப்ப இந்த ஆஸ்பத்திரியில காசு குடுக்கறவன் நான் ஒருத்தன்தான்?"

"நீங்க ஒருத்தர்தான்."

"திட்டலாமா?"

"திட்டணும் அபா."

"பெருமாளையும்?"

ஊ பெருமாள் வாயிலிருந்த வெற்றிலையை ஓரமாக ஒதுக்கினார். "திட்டுங்கண்ணே."

பொட்டலம் மேசையிலிருந்து சட்டைப் பைக்குப் போனது. பின்னாலேயே ரசீதும் போனது. "மொதல்ல அந்தப் பலகையக் கழட்டு" என்றார். கழற்றினோம். "என் வெலைய உள்பக்கமா, செக்ரட்டரிக்கும் எனக்கும் மட்டும் தெரியற மாதிரி ஒரு சின்ன அட்டையில எழுதி ஒட்டு." ஒட்டினோம். அதிலிருந்து எங்கள் நிம்மதி போயிற்று.

காசு கொடுக்கும் ஒரே நோயாளி என்ற முறையில், ஒவ்வொரு ஞாயிறும் மருத்துவமனையை மேற்பார்வை பார்த்தார். மருந்து அலமாரியைத் திறந்து காலாவதித் தேதிகளைச் சத்தமாகப் படித்தார். தேதி நெருங்கிய மருந்தைத் தானமாகக் கொண்டுவந்த ஒரு பணக்காரரை, "ஒன் வீட்டுல மிஞ்சின சோத்தை இப்பிடித்தான் குடுப்பியா?" என்று கேட்டு வாசலோடு திருப்பி அனுப்பினார். அந்த மனிதர் மறுவாரம் புது மருந்தோடு வந்தார். டாக்டரின் கையெழுத்து புரியவில்லை என்று, நோயாளிகளுக்கு முன்னால் அவளை மூன்று முறை எழுத வைத்தார். கழிவறைத் தாழ்ப்பாள் மாறியது. மின்விசிறி சுத்தமானது. ஊ பெருமாள் மருத்துவமனைக்குள் வெற்றிலை போடுவதை நிறுத்தினார். டாலாக்காரம்மாவுக்கு முதல் டோக்கன் என்று சட்டம் போட்டார், கடைசிப் படகு போய்விடுமாம்.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், மற்ற நோயாளிகளும் மெல்ல மெல்லக் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். "டாக்டரம்மா, இந்த மாத்திரை எதுக்கு?" என்று ஒரு நாள் டாலாக்காரம்மாவே கேட்டார். டாக்டர் தீரி மகிழ்ச்சியில் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டாக்டர் அவருக்கு மருந்தின் அளவைக் கொஞ்சம் கூட்டினாள். "வலி எப்பிடி அபா?" என்றால், "எதிரி பின்வாங்கறான். ஆனா இன்னும் மலைமேலதான் இருக்கான்" என்பார். தூக்கம் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சை மின்விசிறிக்கு மாற்றிவிடுவார். அவர் கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு அப்படியே இருந்தது.

பிறகு ஒரு ஞாயிறு அவர் வரவில்லை.

டோக்கன் கொடுத்தேன். எண்கள் முன்னும் பின்னுமாகப் போயின. என் வாழ்க்கையில் அப்படி நடந்ததில்லை. டாக்டர் தீரி ஒவ்வொரு நோயாளிக்கும் நடுவே வாசலைப் பார்த்தாள். டாலாக்காரம்மா, "எங்கே, இன்னிக்குச் சத்தத்தையே காணோம்?" என்றார். ஊ பெருமாள், "வயசானவரு, வராமப் போனா என்ன" என்று யாரிடமோ சொல்லிவிட்டு, நிமிடத்துக்கு ஒருமுறை தெருமுனைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

பத்து மணிக்கு என்னால் உட்கார முடியவில்லை. டோக்கன் பெட்டியை ஊ பெருமாள் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு தெரு தள்ளி இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன்.

வாசலில் டோ மியா ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் வாயில் விரலை வைத்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் பாதி உயிர் திரும்பி வந்தது. அந்த நேரத்தில் தெருவில் அவித்த பட்டாணி விற்கிறவர் தலையில் தட்டோடு வாயைத் திறந்தார். டோ மியா எழுந்து ஓடி, அவர் கூவுவதற்கு முன்னால் ஒரு கிண்ணம் வாங்கி, கையைக் காட்டிச் சத்தமில்லாமல் அனுப்பி வைத்தார். வாசலில் ஏற்கெனவே மூன்று கிண்ணம் பட்டாணியும், ஒரு துடைப்பமும், இரண்டு கட்டுக் கீரையும் இருந்தன. காலையிலிருந்து அந்தத் தெருவில் கூவ வந்த எல்லோரிடமும் ஏதோ ஒன்று வாங்கியிருக்கிறார்.

"தூங்கறாரு" என்று என் காதில் சொன்னார். "ராத்திரி எட்டு மணிக்குப் படுத்தாரு. புரளவே இல்ல. பயந்துபோயி நாலு தடவை மூக்குல விரல வச்சுப் பாத்தேன். நல்லா மூச்சு விடறாரு. நாப்பது வருசமா ஊரையே எழுப்பின மனுசன் கமலா. இன்னிக்கு ஊரு கொஞ்சம் சும்மா இருக்கட்டும்."

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். நான் என்ன எதிர்பார்த்தேன் என்றால், படுக்கையிலும் விறைப்பாகத்தான் இருப்பார் என்று. அப்படி இல்லை. ஒரு கை தலைக்கு மேலே, வாய் கொஞ்சம் திறந்து, அந்த இடது கால் முழங்காலில் மடங்கி, ஒரு சின்னப் பையனைப் போலப் பாயில் குறுக்கே கிடந்தார். நான் நின்ற நேரத்தில் மின்சாரம் வந்தது. மின்விசிறி சுற்றத் தொடங்கியது. அவர் எழுந்து நிற்கவில்லை.

திரும்பி வந்து செய்தி சொன்னேன். ஊ பெருமாள் வெளியே போய், எல்லோருக்கும் சாயா சொல்லிவிட்டு வந்தார். டாக்டர் தீரி அடுத்த நோயாளிக்குச் சீட்டு எழுதத் தொடங்கி, நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

இப்போது அவரும் டோ மியாவும் பாகோவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கால் பரவாயில்லை என்று கேள்வி. அந்த ஊர் மருத்துவமனைகளுக்கு என் அனுதாபங்கள்.

அவர் தூங்கிப்போன அந்த ஞாயிற்றுக்கு மறுநாள், திங்கட்கிழமை. எழுந்தவுடன் மோட்டாரையும் போடவில்லை, குக்கரையும் வைக்கவில்லை. முதல் வேலையாக டோ மியாவுக்குப் போன் போட்டேன்.

"மெதுவாப் பேசு கமலா" என்றார். "இன்னிக்கும் தூங்கறாரு."

இன்சீனில், என் வீட்டுச் சமையலறையில் தனியாக நின்றுகொண்டிருந்த நான், சரி என்று குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.